ஏழாவது போசி

கரண்டு வெலை ரெண்டாந்தடவை ஏறின வருசம், மாசி மாசத்துல ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், எங்க நொச்சிக்காட்டுப்பாளையத்துல சென்னியப்பன் வீட்டுக் காத்தாடி கரண்டு இல்லாமச் சுத்த ஆரம்பிச்சுது. ஏன் சுத்துச்சுன்னு எங்கிட்டக் கேக்காதீங்க, எனக்குத் தெரியாது. தெரியும்னு சொல்லிக்கிட்டு வந்து எங்க ஊட்டுல காப்பி குடிச்சுட்டுப் போனவங்களுக்கும் தெரியாது. சுத்துச்சு, அவ்வளவுதான்.

நான் கிட்டுசாமி. அப்போ எனக்குப் பதினாறு விசைத்தறி. தறிக்காரன் பொழப்பைப் பத்தி ஒரு வரியில சொல்லிடறனுங்க: நூல் வெலை ஏறும், கூலி ஏறும், கரண்டு வெலை ஏறும், பள்ளிக்கூட ஃபீஸும் தங்கமும் கல்யாண மண்டப வாடகையும் ஏறும், நாம நெசவு பண்ணி மடிச்சு வெக்கிற துணிக்கு மட்டும் போன வருசத்து வெலைதான். அந்த வருசம் வாரத்துல மூணு நாள் தறியை நிறுத்திட்டு, கம்பத்துல ஓடற கம்பியைக் கடன்காரனைப் பாக்கற மாதிரி அண்ணாந்து பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம்.

சென்னியப்பன் பங்காளி வகையில எனக்கு அண்ணன் முறை. தறியில ஒரு பாவு, அதாவது நீளவாக்குல ஓடற நூல், தீர்ந்தா, பழைய பாவு நுனியையும் புதுப் பாவு நுனியையும் ஒவ்வொரு இழையாச் சேத்து முடிச்சுப் போடறது அவர் வேலை. மூவாயிரம் இழைக்கு மூவாயிரம் முடிச்சு, வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசும், கை பாட்டுக்குப் பிணைச்சுக்கிட்டே போகும். சம்சாரம் தவறினப்போ பொண்ணு மோகனப்பிரியா பத்தாவது படிச்சுக்கிட்டிருந்தா. அப்பறம் அப்பனும் பொண்ணும் மட்டுந்தான் அந்த வீட்டுல. அவளைச் சோலாப்பூர்ல நூல் கடை வெச்சிருக்கிற நம்ம பக்கத்துக் குடும்பத்துக்குக் கட்டிக் குடுத்தார். ஞாயித்துக்கிழமை ரயிலேத்தி விட்டுட்டு வந்தார். செவ்வாய்க்கிழமை என் தறிக்குடோனுக்கு வந்து நின்னார்.

"கிட்டு, காத்தாடி நிக்க மாட்டீங்குது. கொஞ்சம் வந்து பாரு."

போய்ப் பாத்தேன். ஊரு முச்சூடும் கரண்டு இல்லை. அவர் ஃபியூசைப் புடுங்கி மேசை மேல தண்ணிச் சொம்புக்குப் பக்கத்துல வெச்சிருக்கார். மேல காத்தாடி பாட்டுக்குச் சுத்துது. ஒரு தட்டும் ஒரு டம்ளரும் கழுவிக் கவுத்தின சமையல்கட்டுல பல்பு எரியுது. வேற ஒருத்தனா இருந்தா சாமி கும்பிட்டிருப்பான், இல்லாட்டி ஓடிப் போயிருப்பான். எனக்கு வந்த மொத நெனப்பு, இது எத்தனை தறிய இழுக்கும்கறதுதான். என் புத்தி அப்படி.

அன்னிக்கே ஒரு ஒயர் இழுத்து ஒரு தறிய ஓட்டிப் பாத்தேன், ஓடுச்சு. மறு வாரம் நாலு ஓடுச்சு, அமாவாசைக்குள்ள பதினாறும் ஓடுச்சு. அப்பறம் பக்கத்துக் குடோன் நல்லசிவம் ஒரு ஒயரோட வந்தான், அவனுக்கு அடுத்தவன் அவன் ஒயரோட வந்தான். சித்திரை பொறக்கறப்ப சென்னியண்ணன் வீட்டு ஓட்டு மேல இருந்து துணி காயப்போடற கொடி மாதிரி நாலா பக்கமும் ஒயர் போச்சு. கோயில் கமிட்டியில மொறை போட்டு எழுதி, காலையில வடக்கு வீதி, மத்தியானம் தெக்கு வீதின்னு பிரிச்சுக்கிட்டோம். பூசாரி அவர் வீட்டு வாசப்படிக்கு ஒரு பொட்டு வெச்சுட்டுப் போனார். பள்ளிக்கூடத்துல பசங்க மின்சாரம் எதுலிருந்து கிடைக்குதுன்னு கேட்ட கேள்விக்கு, தண்ணி, நெலக்கரி, காத்து, சென்னியப்பன்னு எழுதினாங்க, வாத்தியாரும் சரின்னு போட்டார். பக்கத்து ஊர்க்காரங்க கரண்டு பில் கட்ட மாட்டாமத் தறிய எடைக்குப் போட்டாங்க, நாங்க அதை எடை வெலைக்கே வாங்கியாந்து ஓட்டினோம். அவங்க பொழப்பு என்னாச்சுன்னு நாங்க கேக்கலை. எவன் கேப்பான்.

இந்தக் கரண்டுக்கு ஒரு கொணம் இருந்துச்சு, அது கொஞ்சம் கொஞ்சமாத்தான் புரிஞ்சுது. ஞாயித்துக்கிழமை பதினொரு மணிக்கு மோகனா போன் பண்ணுவா, அப்போ தறியெல்லாம் சோந்து போயி இழை அறுந்துக்கும். என் சம்சாரம் துளசிமணி ஒரு கிண்ணத்துல ரசம் கொண்டு போய்க் குடுத்து ரெண்டு வார்த்தை பேசினா, பல்பு மஞ்சக் கலருக்கு வந்துரும். அவர் பாவு பிணைக்க வந்து எங்க குடோன்ல சிரிச்சுக்கிட்டு இருந்தா மோட்டார் முக்கும். அவர் தனியா வீட்டுல உக்காந்து சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கற நேரத்துலதான் கரண்டு கனகச்சிதமா வந்துச்சு. அவர் எவ்வளவுக்கு ஒத்தையா இருக்கறாரோ அவ்வளவுக்குத் தறி ஓடுச்சு.

இதை யாரும் யார்கிட்டயும் சொல்லலீங்க. கூட்டம் போட்டுப் பேசியிருந்தா எவனாவது ஒருத்தன் இன்னொருத்தன் மூஞ்சியப் பாத்து வெக்கப்பட்டிருப்பான். அவங்கவங்களாவே தெரிஞ்சுக்கிட்டு அவங்கவங்களாவே நின்னுக்கிட்டோம். "நீங்க ஏனுங்கண்ணா இந்த வயசுல அலையறீங்க, வீட்ல இருங்க, கூலி வீடு தேடி வரும்"னு நாந்தான் மொதல்ல சொன்னேன், மரியாதையாத்தான் சொன்னேன். டீக்கடைக்காரர் டீயைப் பார்சலாக் குடுத்தனுப்பினார். சவரம் பண்றவர் வீட்டுக்கே போயி, வாயத் திறக்காம வேலைய முடிச்சுட்டு வந்தார். எங்க பக்கத்துல கல்யாணப் பத்திரிகைய, புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் போயி, தட்டத்துல வெத்தல பாக்கு வெச்சு, உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுத்தான் குடுக்கோணும். அவருக்கு மட்டும் கதவுக்கடியில சொருகிட்டு வந்தோம்.

அப்படிச் சொருகின பத்திரிகைய மதிச்சு ஒரு கல்யாணத்துக்கு வந்துட்டார் மனுசன். வெள்ள வேட்டி கட்டிக்கிட்டு, பந்தியில ரெண்டு பொடிசுகளுக்கு நடுவுல உக்காந்தார். அதுல ஒண்ணு தனக்குப் புடிக்காத அவியலையெல்லாம் அள்ளி அவர் எலையில வெச்சுட்டு, "நீங்க தின்னுருங்க தாத்தா"ன்னு சொல்லுச்சு. அவர் சிரிச்சார், ரொம்ப நாளைக்கப்பறம் தொண்டையில இருந்து வந்த சிரிப்பு. மண்டபத்து வெளக்கெல்லாம் மங்கிச்சு, மைக்கு அவிஞ்சுது, நாயனக்காரர் வெறும் மூச்சுல ஊதினார், வெளிய வீதி வீதியாத் தறிச் சத்தம் அடங்கறது கேட்டுச்சு. பந்தியில இருந்த அத்தனை பேரும் அவரைப் பாத்தோம். அவரும் எங்களைச் சுத்திப் பாத்தார். அப்பறம் பாதிச் சோத்தோட எலைய மடிச்சு வெச்சுட்டு எந்திரிச்சுப் போனார். அவர் வீடு போய்ச் சேரவும் வெளக்கு பளிச்சுன்னு வரவும் சரியா இருந்துச்சு.

மறுநா காலையில என்னை வாசல்ல நிறுத்திக் கேட்டார்.

"எத்தன தறி ஓடுது கிட்டு?"

"நூத்தி நாப்பதுங்கண்ணா."

"எத்தன குடும்பம்?"

"அறுபது இருக்கும்."

"செரி"ன்னார். அதுக்கப்பறம் ஞாயித்துக்கிழமை போன் பேச்சை அவரே அஞ்சு நிமிசத்துல முடிச்சுக்கிட்டார். சோறு ஆறுது கண்ணுன்னு சொல்லிட்டு வெச்சுருவார்னு பின்னாடி மோகனா சொல்லித்தான் தெரியும். அந்த மனுசன் தனக்கு வர வேண்டிய ரெண்டு நல்ல வார்த்தையையும் கொறைச்சுக்கிட்டு எங்க தறிக்கு ஊத்தினார். நாங்க அதுல பாத்ரூமுக்கு டைல்ஸ் ஒட்டினோம்.

இப்படி ஒண்ணே முக்கா வருசம் போச்சு. ஒரு நாள் காலையில சென்னியண்ணன் என் வீட்டு வாசல்ல வந்து நின்னார். அந்த மனுசன் ஒரு வீட்டு வாசப்படி மிதிச்சே வருசம் தாண்டியிருக்கும். மூஞ்சி அப்படி இருந்துச்சு, சிரிப்பை எங்க வெக்கறதுன்னு தெரியாத மாதிரி. உள்ள என் வீட்டுல பல்பு மினுக்கு மினுக்குன்னுச்சு.

"மோகனாவுக்கு ஏழு மாசம் கிட்டு. கட்டுச்சோறு கட்டிக் கூட்டியாறோணும். அவ அம்மா இருந்தா எனக்கு வேலையே இல்ல. பொம்பளைக ஒரு ஏழு பேரு வந்தாப் போதும். ரயில் சார்ஜு நான் பாத்துக்கறேன்."

கட்டுச்சோறுன்னா, தலைப்பிரசவத்துக்குப் பொண்ணைக் கூட்டியாறதுக்குப் பொறந்த வீட்டுப் பொம்பளைக ஒத்தப்படையில சேந்து, புளிச்சோறு, எள்ளுச்சோறு, தேங்காச்சோறுன்னு ஏழு சோறு ஆக்கி, ஏழு போசியில கட்டி எடுத்துக்கிட்டுப் போறது. போசின்னா வேற ஒண்ணுமில்லை, மூடி போட்ட தூக்குப் பாத்திரம். அந்தச் சோத்தைத் தின்னுட்டுத்தான் பொண்ணு பொறந்த வீட்டுக்குப் பொறப்படோணும். அது போகாம, வா கண்ணுன்னு போன்ல கூப்பிட்டா எந்தச் சம்பந்தி அனுப்புவாங்க.

நான் கணக்குப் போட்டேன். பொறக்கறதுக்கு முன்ன மூணு மாசம், பொறந்து மூணு மாசம், ஒரு கைக்கொழந்தை அழற வீட்டுல கரண்டு எங்கிருந்து வரும். அப்போதான் துண்டுக்கு ஒரு வெளிநாட்டு ஆர்டர் புடிச்சிருந்தோம், ஊரே சேந்து, அறுபது நாள் கெடு. "துளசிக்கு முட்டி வலிங்கண்ணா, அவ்வளவு தூரம் ரயில்ல உக்கார மாட்டா"ன்னேன். துளசி சமையல்கட்டுல நின்னு கேட்டுக்கிட்டிருந்தா. நல்லசிவம் வீட்டுல மாமியாருக்கு முடியலைன்னாங்க. இன்னொரு வீட்டுல பரீட்சை, இன்னொரு வீட்டுல மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்கு, ஊரத் தாண்டக் கூடாதுன்னாங்க. ஊர்ல அந்த மாசம் எந்தக் கோயில்லயும் காப்புக் கட்டலை. அவர் அறுபது வாசலும் ஏறி இறங்கினார். ஒவ்வொரு வாசல்லயும் "செரிங்க, செரிங்க"ன்னுட்டுப் போனார். அன்னிக்கு மத்தியானம் வந்த கரண்டை நான் அதுக்கு முன்ன பாத்ததில்லை.

மறு நாள் காலையில துளசிமணி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. ஒரு பெரிய போசியும், புளியும், எள்ளும் எடுத்துக்கிட்டு அவர் வீட்டுக்குப் போயிட்டா. அந்த வீட்டுல ரெண்டு பேரும் சேந்து அடுப்புப் பத்த வெச்சாங்க. இவ புளியக் காய்ச்ச, அவர் வேர்க்கடலை தோலெடுக்க, மோகனா அம்மா கைப்பக்குவத்தைப் பத்திப் பேச்சு ஓடியிருக்கு. வீதியில தறி ஒவ்வொண்ணா விக்கிக்கிட்டு நின்னுச்சு. பத்து மணிக்கு என் வாசல்ல இருபது பேர் நிக்கறாங்க. எவனும் சத்தம் போடலை. நல்லசிவந்தான், "அண்ணா, அண்ணியைக் கொஞ்சம்..."னான்.

போனேன். அவர் வாசல்ல நின்னு, உள்ள போகாம, "துளசி, போதும் வா"ன்னேன்.

"இன்னும் ஒண்ணுதானுங்க பாக்கி. தயிர்ச்சோறு. பாலு ஊத்தியிருக்குது, ஒரு கரண்டி மோரு விட்டாப் போதும். போய்ச் சேர்றதுக்குள்ள தோஞ்சுக்கும்."

"வான்னா வா."

அவ என்னையப் பாத்தா, எனக்குப் பின்னாடி வீதியில நின்ன இருபது பேரையும் பாத்தா. உள்ள இருந்து அவர் கொரல் கேட்டுச்சு. "போ அம்மிணி. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

கையைக் கூடக் கழுவாம வந்தா. போசி அங்கேயே நின்னு போச்சு. நாங்க வீதி முக்குத் திரும்பறதுக்குள்ள கரண்டு வந்துருச்சு, வந்ததுன்னா அப்படி வந்துச்சு, நாலு வீட்டுல பல்பு வெடிச்சுது, தறியெல்லாம் புதுத் தறி மாதிரிப் பறந்துச்சு. எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாதில்லீங்களா, சந்தோசமாத்தான் இருந்துச்சு.

அடுத்த நாள் விடிஞ்சதும் அவர் வீட்டைப் பூட்டிட்டு, ஏழு போசியையும் ரெண்டு பைகள்ல போட்டு ரெண்டு கையிலயும் தூக்கிக்கிட்டு, நடு வீதியில பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். அவர் ஒவ்வொரு வீட்டைத் தாண்டத் தாண்ட, அந்த வீட்டுத் தறி நின்னுச்சு. அவர் ஊரத் தாண்டறப்ப ஊரே நின்னு போச்சு. பை கனம் அவரை ஒரு பக்கமாச் சாய்ச்சுது. ஒருத்தன் போயி ஒரு பையை வாங்கலை, நானும் வாங்கலை.

அவர் திரும்பி வரலை. சோலாப்பூர்ல சம்பந்தி வீட்டுப் பொம்பளைக, ஆம்பள ஒத்தையில கட்டுச்சோறு கொண்டாந்ததை நாங்க எங்கயும் பாத்ததில்லைன்னு சிரிச்சாங்களாம். மோகனா ஏழு போசியையும் தொறந்து ஏழுலயும் ஒரு கை எடுத்துத் தின்னுட்டு, ஏழாவதுல மட்டும் மோரு கொஞ்சம் பத்தலை, ஆரு ஆக்கினாங்கன்னு கேட்டாளாம். அவர் நடந்ததைச் சொன்னார். அப்பறம் அவ அவரை விடவும் இல்லை, அந்த ஊருக்கு வரவும் இல்லை. கொழந்தை அங்கேயே பொறந்துச்சு. கட்டுச்சோறு போயும் பொண்ணு பொறந்த வீட்டுக்கு வராதது எங்க பக்கத்துல அது ஒண்ணுதான்.

ஆர்டர் போச்சு. தறியில பாதியை நாங்களும் எடைக்குப் போட்டோம். அதுல நான் சாகலை. ஆனா துளசி என்கூடப் பேசறது கொறைஞ்சு போச்சு, சோறு போடுவா, வெந்நி வெப்பா, கேட்டதுக்குப் பதில் சொல்லுவா. ஒண்ணரை வருசங்கழிச்சு ஆஸ்திரேலியாவுல எங்க மகனுக்குக் கொழந்தை பொறந்துச்சு. பாத்துக்க ஆளு வேணும்னு அம்மாவை மட்டும் கூப்பிட்டான். எனக்குத் தறி இருக்குதுல்லீங்களா, மிச்சம் எட்டு. ஏர்போர்ட்டுல உள்ள போறதுக்கு முன்ன திரும்பி நின்னு சொன்னா: "பாலு ஊத்திட்டேனுங்க. மோரு விடறதுக்குள்ள கூப்பிட்டீங்க." அவ்வளவுதான் சொன்னா. ஆறு மாசம்னு போனவ, அப்பறம் இன்னொரு ஆறு மாசம்னா, இப்போ அதையும் சொல்றதில்லை.

அவ வியாழக்கிழமை போனா. சனிக்கிழமை கரண்டு போச்சு, என் வீட்டு பல்பு மட்டும் எரிஞ்சுது. ஃபியூசைப் புடுங்கி மேசை மேல வெச்சேன். எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அதுக்கு அடியில உக்காந்து ஒரு தட்டுல சோறு தின்னேன், அந்தத் தட்டைக் கழுவிக் கவுத்தினேன்.

மூணு நாள் கதவைச் சாத்தி வெச்சு மறைச்சேன். நாலாவது நாள் நல்லசிவம் ஒரு ஒயரோட வந்தான். "நீங்க ஏனுங்கண்ணா இந்த வயசுல அலையறீங்க, வீட்ல இருங்க"ன்னான். ரொம்ப மரியாதையாச் சொன்னான். ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் பழக்கம். டீ பார்சல்ல வந்துச்சு. பத்திரிகை கதவுக்கடியில வந்துச்சு. நான் எந்தக் கல்யாணத்துக்கும் போகலை. பேசறதுக்கு ஆளில்லாம, ரேடியோவுல நூல் வெலை சொல்றவர்கிட்டப் பதில் பேசினேன். எழுபது தறி ஓடுச்சு. சென்னியண்ணன் என்ன பாடு பட்டிருப்பார்னு அப்போதான் தெரிஞ்சுது, நாக்கு வாய்க்குள்ள மரத்துப் போற அந்தப் பாடு.

போன தை மாசம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில கதவைத் தட்டற சத்தம் கேட்டுச்சு. ஒயர்க்காரங்க தட்ட மாட்டாங்க, கூப்பிடுவாங்க. தொறந்தேன். மோகனப்பிரியா நிக்கறா, பக்கத்துல அவ வீட்டுக்காரர் கையில தட்டத்தோட, அவ இடுப்புல மூணு வயசுப் பொண்ணு.

"நல்லாருக்கறீங்களா சித்தப்பா"ன்னு கேட்டுக்கிட்டே உள்ள வந்து உக்காந்தா. என் தலைக்கு மேல பல்பு மஞ்சளாச்சு. தண்ணி குடுத்தேன், ரெண்டு பேரும் குடிச்சாங்க.

"பாப்பாவுக்குக் காது குத்தறோம். கொலதெய்வம் இங்கதான, அதனால வந்தோம். அப்பா கோயில்ல பொங்கல் வெச்சுக்கிட்டு இருக்கறாரு. தாய்மாமன் மடியில வெச்சுக் குத்தோணும். எனக்குக் கூடப் பொறந்தவங்க இல்ல. பங்காளி மொறையில உங்க பையந்தான் மாமன், அவரு அங்க இருக்கறாரு." பாப்பாவை எறக்கி விட்டுட்டு, "உங்க மடி வேணும் சித்தப்பா"ன்னா.

தட்டத்தை நீட்டினாங்க. வெத்தல, பாக்கு, பழம், பத்திரிகை, அதுக்குப் பக்கத்துல ஒரு பெரிய போசி. துளசியோட போசி. மூடியில அவ பேரை வெட்டியிருக்கு, எங்க கல்யாணத்துக்கு அவ அம்மா வெட்டிக் குடுத்தது.

"போசியை வெறுமனே திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு அப்பா நேத்தே தயிர்ச்சோறு ஆக்கிட்டாரு"ன்னா.

பல்பு அணைஞ்சு போச்சு. வடக்கு வீதியில தறி நின்னுச்சு, தெக்கு வீதியில நின்னுச்சு, அப்பறம் ஊரே நின்னு, மாட்டுக் கழுத்து மணிச் சத்தம் கேக்கற அளவுக்கு அமைதியாச்சு. வெளிய செருப்புச் சத்தம். நல்லசிவம் வாசல்ல நின்னு, உள்ள வராம, "கிட்டண்ணா, ஊட்டுல ஆருங்க?"ன்னான். அவனுக்குப் பின்னாடி ஆளுக நிக்கறாங்க. மோகனா அந்தக் கொரலைக் கேட்டதும் பாதி எந்திரிச்சுட்டா. "வேல கெடுதுங்களா சித்தப்பா. நாங்க வேணா கோயிலுக்குப் போறோம்"னா. அவ அப்பன் பொண்ணு, வேற எப்படி இருப்பா.

"உக்காரு கண்ணு"ன்னேன். வாசலைப் பாத்து, "எம் பொண்ணு வந்திருக்குது நல்லசிவம். நான் காது குத்துக்குப் போறேன். தறி நிக்கட்டும்"னேன். அவன் அறுபது குடும்பம்னு சொல்ல வந்திருப்பான், நானே சொல்லியிருக்கிற வார்த்தைதான். சொல்லாமப் போனான்.

போசியைத் தொறந்து ஒரு கை எடுத்து வாயில வெச்சேன். மோரு சரியாத் தோஞ்சிருந்துச்சு. எனக்கு அழுகை வந்துருச்சு, தொடைக்கக் கூடத் தோணலை. பாப்பா என் மடியில ஏறி உக்காந்து, கையை உள்ள விட்டு அதுல பாதியைத் தின்னுச்சு.